‘எங்க போறீங்கள்?’ எண்டு கேட்கத் தெரியாதவள்

மேசையைச் சுத்தி நாங்கள் நாலு பேர் இருந்தம். எதிர்ல சோதினை எடுக்கிற ரெண்டு பேர். ஒராள் கொண்டை போட்ட ஜேர்மன் பொம்பிளை. மற்றவர் எங்கட நாட்டு மனுசன், சிரிக்கிறதில்லை எண்டு நேர்த்தி வைச்சவர் போல இருந்தார். ஏசிக் குளிர் காலைக் கடிச்சுது. மேசை நடுவில கவிழ்த்து வைச்ச கார்டுகள்.

விளையாட்டு லேசானது. ஒரு கார்டை எடுக்க வேணும். அதில ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லை வைச்சுப் பக்கத்தில இருக்கிறவரை ஜேர்மனில ஒரு கேள்வி கேட்க வேணும். அவர் பதில் சொல்லுவார். முடிஞ்சுது.

நான் எடுத்த கார்டில ‘வோஹின்’ எண்டு இருந்தது. ‘எங்கே, எந்தப் பக்கம்’ எண்டு அர்த்தம். மேல சின்னனா ‘பயணம்’ எண்டும் போட்டிருந்தது. அப்ப நான் கேட்க வேண்டியது ‘வோஹின் ஃபாரன் ஸீ?’ எங்க போறீங்கள்? மூண்டே மூண்டு சொல். பாலர் வகுப்புக் கேள்வி.

எனக்குப் பக்கத்தில இருந்தவர் மட்டக்களப்பு ஆள். மடியில பயணப் பை. சட்டைப் பொக்கற்றில பஸ் டிக்கெற்றின்ர நுனி தெரியுது. சோதினை முடிஞ்ச கையோட பஸ் பிடிக்கிற அவசரத்தில மூண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துப்போட்டார்.

நான் அந்தப் பையைப் பார்த்தன். அவற்ற முகத்தைப் பார்த்தன். ஒரு மனுசன் பையும் கையுமா வெளிக்கிட்டு நிக்கிறான், அவனைப் பார்த்து எப்பிடி அந்தக் கேள்வியைக் கேட்கிறது? என்ர வாய் என்னைக் கேட்காமலே வேற ஒண்டைக் கேட்டுது.

“இஸ்ட் எஸ் வைட்?”

தூரமோ?

மனுசன்ர முகம் மலர்ந்துது. “யா! ஸேர் வைட்!” எண்டார். ஓம், நல்ல தூரம். மற்ற ரெண்டு தமிழ்ப் பிள்ளைகளும், அக்கா எவ்வளவு பண்பாக் கேட்கிறா எண்டு தலையாட்டிச்சினம்.

கொண்டைக்காரி முன்னுக்குக் குனிஞ்சு, கார்டில விரலை வைச்சு, இந்தச் சொல்லை வைச்சுக் கேளுங்கோ எண்டு அன்பாச் சொன்னா. நான் நல்லா விளங்கின மாதிரித் தலையாட்டிப்போட்டு, நிமிர்ந்து இருந்து, திருப்பிக் கேட்டன்.

“இஸ்ட் எஸ் ஸேர் வைட்?”

நல்ல தூரமோ?

ரெண்டு புள்ளியால சோதினையில கோட்டை விட்டன்.

அப்பாவின்ர பத்து நிமிசம்

எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. விளங்காதவைக்குச் சொல்லுறன். வெளிக்கிட்டுப் போற ஆளை ‘எங்க போறீங்கள்’ எண்டு கேட்கக் கூடாது. கேட்டால் போற காரியம் சரிவராது. அறிய ஆசையெண்டால் ‘தூரமோ?’ எண்டு கேட்கலாம். அவருக்கு விருப்பமெண்டால் இடத்தைச் சொல்லுவார். இல்லாட்டி ‘ஓம், கொஞ்சம் தூரந்தான்’ எண்டு சொல்லிப்போட்டு நடையைக் கட்டுவார்.

எனக்கு ஆறு வயசிருக்கும். அப்பா கொழும்பு புறக்கோட்டையில ஒரு இரும்புக் கடையில கிளாக்கர். ஒருநாள் காலமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படியில காலை வைச்சவர். நான் பின்னால ஓடிப்போய், “அப்பா, எங்க போறீங்கள்?” எண்டு கேட்டுப்போட்டன்.

அப்பா திரும்பி வந்தார். செருப்பைக் கழட்டினார். தன்ர சாய்வுக் கதிரையில இருந்தார். அம்மா ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து குடுத்தா. அதைக் குடிச்சுப்போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிசம் இருந்தார். பிறகு புதுசா வெளிக்கிடுற மாதிரி எழும்பி, செருப்பைப் போட்டு, “போட்டு வாறன்” எண்டு போனார்.

பஸ் அவரை விட்டிட்டுப் போட்டுது. கடையில ஏச்சு விழுந்ததாம். பின்னேரம் வந்து எனக்கு விழுந்தது. அண்டைக்கு அடைச்ச வாய்தான் முப்பது வருசத்துக்கு மேல கழிச்சு ஒரு ஜேர்மன்காரிக்கு முன்னாலயும் திறக்க மாட்டன் எண்டு நிண்டது.

ஆருக்காக இந்தப் பாடு

போன கிழமைப் பத்தியில என்ர கலியாண எழுத்தைப் பற்றி எழுதினன். வாசிக்காதவைக்கு ரெண்டு வரி. முப்பத்தொன்பது வயசில எனக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை ஜேர்மனியில டோட்முண்ட் பக்கம் ஒரு பாண் சுடுற ஃபக்டரியில வேலை. ரெண்டு கிழமை லீவில வந்தார், வெள்ளவத்தையில பதிவு எழுத்து முடிஞ்சுது, திரும்பிப் போட்டார். அவற்ற பேரை நான் சொல்லமாட்டன். எங்கட வீட்டில புருசன்ர பேர் சொல்லுற வழக்கமில்லை. ‘இவர்’ எண்டுதான் எழுதுவன், கோவியாதேங்கோ.

நான் இவரிட்டப் போறதெண்டால் அடிப்படை ஜேர்மன் சோதினை பாஸ் பண்ணின கடதாசி வேணும். கடதாசி இல்லாட்டி விசா இல்லை. விசா இல்லாட்டி இவர் அங்க, நான் இங்க, நடுவில வாட்ஸ்அப்.

இதில பெரிய பகிடி என்னெண்டால், இருபது வருசமா ஊர் முழுக்க என்னைத்தான் கேள்வி கேட்டது. கோயில்ல கேள்வி, கலியாண வீட்டில கேள்வி, மீன் சந்தையில கேள்வி. ‘ஏன் பிள்ளை இன்னும் கட்டேல்ல?’ ‘சாதகத்தில ஏதுமோ?’ ‘எப்ப எங்களுக்குச் சாப்பாடு?’ பதில் சொல்லாமல் நழுவுறதில எனக்கு யாரும் கிட்ட நிக்கேலாது. ஆனால் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. கலியாணம் பேசேக்கயும் பாமன்கடையில இருக்கிற மாமா, அம்மாவின்ர தம்பி, அவர்தான் எல்லாத்தையும் கேட்டவர். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், சொந்த வீடோ, குடிப்பாரோ. நான் தேத்தண்ணி குடுத்ததோட சரி.

அப்பிடிப்பட்டவளுக்கு வந்து வாய்ச்சது கேள்வி கேட்கிற சோதினை.

மூண்டு பிளாஸ்டிக் கதிரை

வகுப்பு காலி வீதியில ஒரு பாதணிக் கடைக்கு மேல் மாடி. படிப்பிச்சுத் தந்தது நிலூக்கா மிஸ். இருபத்தாறு வயசுச் சிங்களப் பிள்ளை, கொஞ்சம் தமிழும் கதைப்பா. அவ கேள்வி அமைக்கிறதைச் சொல்லித் தந்த விதம் இண்டைக்கும் மறக்கேல்ல.

முன்னுக்கு மூண்டு பிளாஸ்டிக் கதிரை போடுவா. முதல் கதிரை கேள்விச் சொல்லுக்கு. ரெண்டாம் கதிரை வினைக்கு. மூண்டாம் கதிரை ஆளுக்கு. கார்டைக் கழுத்தில மாட்டிக்கொண்டு நாங்கள் போய் இருக்க வேணும். ‘வோ’ எங்கே, ‘வோனன்’ வசிக்கிறது, ‘ஸீ’ நீங்கள். வோ வோனன் ஸீ? எங்க இருக்கிறீங்கள்? முதல் கதிரையில இருக்கிற ஆள் எழும்பிப் போய் வேற ஆள் வந்தால் கேள்வி மாறும். ‘வன்’ எண்டால் எப்ப, ‘வேர்’ எண்டால் ஆர், ‘வஸ்’ எண்டால் என்ன, ‘வீ’ எண்டால் எப்பிடி. ஆனால் நடுக் கதிரையில வினை இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

தமிழில எங்களுக்கு அந்தக் கட்டுப்பாடில்லை. ‘நீங்கள் எங்க இருக்கிறீங்கள்’, ‘எங்க நீங்கள் இருக்கிறீங்கள்’, ‘இருக்கிறீங்கள் எங்க’, எப்பிடிக் கேட்டாலும் ஆள் வாடகையும் சேர்த்துச் சொல்லும்.

நடுக் கதிரையில எப்பவும் இருந்தது சேவியர். கொச்சிக்கடைப் பொடியன், துறைமுகத்தில ஒரு களஞ்சியசாலையில சூப்பர்வைசர். மனிசி ஜேர்மனியில நேர்ஸ். அவனும் மனிசியிட்டப் போகத்தான் படிச்சவன், ரெண்டு தரம் ஃபெயில். உங்கட கொட்டாஞ்சேனைப் பக்கம் வகுப்பில்லையோ, ஏன் ரெண்டு பஸ் மாறி இங்க வாறாய் எண்டு கேட்டதுக்கு, “இருக்கு அக்கா. ஆனா அங்க ஃபெயிலானா மீன்காரன் வரைக்கும் விசாரிப்பான்” எண்டான். நல்ல பாரமான உடம்பு. அவன் இருந்தால் கதிரை அசையாது, வினையும் அசையாது.

நான் ஃபெயிலாகி வந்து நடந்ததைச் சொன்னதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. மிஸ்ஸுக்கு மட்டும் விளங்கேல்ல.

“ஏன் அக்கா கேக்க ஏலாது? நாங்க ரோட்டில யாரக் கண்டாலும் ‘கொஹெத யன்னே’ண்டுதானே கேக்கிறது?”

உண்மைதான். எங்க போறீங்கள் எண்டு கேட்கிறது சிங்களத்தில சுகம் விசாரிக்கிற மாதிரி. ஒரே றோட்டில நடக்கிறம், அவைக்கு அது மரியாதை, எங்களுக்கு அது அபசகுனம்.

சேவியர்தான் மருந்து சொன்னான். “அக்கா, சகுனத்துக்கு ஜேர்மன் விளங்காது. விசா குடுக்கிற ஆளுக்குத்தான் விளங்கும். பயப்படாமக் கேளுங்க.”

அதோட ஒரு வீட்டுவேலையும் தந்தான். வெளிக்கிட்டுப் போற ஒராளையாவது அந்தக் கேள்வி கேட்டுப்போட்டு வரட்டாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கட ஒழுங்கை முகப்பில துணிக்கடை வைச்சிருக்கிற முஸ்லிம் நாநா ஷட்டரை இழுத்துக்கொண்டு நிண்டார். நான் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கேட்டன். “நாநா, எங்க போறீங்கள்?”

“பள்ளிக்கு, தங்கச்சி. ஏன், சாமான் எதும் வேணுமா?”

அவர் சிரிச்சுக்கொண்டு போட்டார். எனக்குத்தான் வீட்டில இருப்புக் கொள்ளேல்ல. மனுசனுக்கு ஏதும் நடந்தால்? ரெண்டு மணிக்குத் திரும்பப் போய்ப் பார்த்தன். நாநா கடையைத் திறந்து, சாரம் விரிச்சு ஆருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். அவரை உயிரோட கண்ட சந்தோசத்தில தேவையில்லாமல் ஒரு தலையணை உறை வாங்கிக்கொண்டு வந்தன்.

ஒப்பரேட்டர் அம்மா

வீட்டில எனக்குச் சோடியா நிண்டு கேள்வி பழகினது அம்மா. நானும் அவவுந்தான் வீட்டில. அப்பா காலமாகி அப்ப நாலு வருசம்.

அம்மா லேசுப்பட்ட ஆளில்லை. கொழும்புக் கோட்டையில ஒரு கம்பெனியில முப்பது வருசம் டெலிபோன் ஒப்பரேட்டரா இருந்தவ. ஆர் கதைக்கிறது, ஆரோட கதைக்க வேணும், என்ன விசயம், எங்க இருந்து எடுக்கிறீங்கள்? இந்த நாலு கேள்வியையும் மூண்டு பாசையில, ஒரே தேன் குரல்ல கேட்டே பென்சன் எடுத்தவ. அப்பா போனதோட அந்தக் குரலும் கீழ இறங்கிப் போச்சு. கேட்டால் பதில் சொல்லுவா, அவ்வளவுதான்.

ஜேர்மன் வந்து அந்தக் குரலை எழுப்பிச்சுது எண்டால் நம்புவீங்களோ?

நாட்காட்டித் தாளின்ர பின்பக்கத்தில கேள்விச் சொல் எல்லாத்தையும் தமிழ் எழுத்தில எழுதி, கார்டு கார்டா வெட்டிக் குடுத்தன். ரெண்டு நாளில பாடமாக்கிப்போட்டா. காலமை கோப்பியோட மேசையில இருந்து, டிவி ரிமோட்டைக் காதில வைச்சுக்கொண்டு தொடங்குவா.

“வேர் இஸ்ட் டா?” ஆர் அங்க?

நான் பேர் சொல்லுவன்.

“வோஹேர் கொமன் ஸீ?” எங்க இருந்து வாறீங்கள்?

“அம்மா, குசினியில இருந்து வாறன்.”

“பகிடி விடாதை. வெள்ளவத்தை எண்டு சொல்லு. மார்க்ஸ் போயிடும்.”

ஒருநாள் நான் திருப்பிக் கேட்டன், உங்கட கணவற்ற பேர் என்ன எண்டு. அம்மா ரிமோட்டால சுவரில இருந்த அப்பாவின்ர படத்தைக் காட்டினா. படத்துக்குக் கீழ பேர் எழுதியிருக்கு, வாசிச்சுப் பாராம். ஜேர்மன்காரன் வந்தாலும் அதே பதில்தானாம்.

எல்லாம் கேட்டா, ‘வோஹின்’ ஒண்டைத் தவிர. அந்தக் கார்டு வந்தால் கவிழ்த்துச் சீனிப் போத்தலுக்குக் கீழ வைச்சிடுவா.

“சோதினையில வந்தால், அம்மா?”

“வந்தால் நீ கேள். நான் இந்த வீட்டில கேட்கமாட்டன்.”

“சகுனத்துக்கு ஜேர்மன் விளங்காதாம்.”

“ஜேர்மன் விளங்காட்டி என்ன, என்ர குரல் விளங்கும்தானே.”

முப்பது வருசம் குரலால சோறு திண்ட மனிசியோட ஆர் வாதாடுறது.

பின்னேரத்தில இவரோட ஃபோனில பழகுவன். தமிழில நான் இவரை ஒரு கேள்வி ஒழுங்காக் கேட்டதில்லை. வெக்கம். ஜேர்மனில அந்த வெக்கம் வரேல்ல, வீட்டுப்பாடம்தானே எண்டு கேட்டன். இண்டைக்கு என்ன சாப்பிடுறீர்? பாண். நேற்று? பாண். ஆரோட? தனிய. மாமாவிட்ட ‘நான் நல்லாச் சமைப்பன்’ எண்டு சொன்ன மனுசன், வேலை செய்யிற இடத்துப் பாணையும் ரின்னில அடைச்ச மீனையும் பதினெட்டு வருசமாச் சாப்பிடுறார். மாமா கேட்ட முப்பது கேள்வியில வராத மனுசன் என்ர மூண்டு சொல்லுக் கேள்வியில வந்தார். எனக்கு இவரிட்ட இரக்கமும் ஆசையும் சேர்ந்து வந்தது அந்த ரின் மீனாலதான். கெதியாப் பாஸ் பண்ண வேணும் எண்ட அவதியும் அண்டைக்குத்தான் பிடிச்சுது.

கேள்வி என்னைத் தேடி வந்தது

ரெண்டாந்தரம் சோதினைக்குப் போனன். அதே மேசை, அதே ஏசி, அதே சிரிக்காத மனுசன். இந்த முறை பக்கத்தில சேவியர். காலமை கோயில்ல மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்தவன், கையில இன்னும் மெழுகு வாசம்.

கார்டை எடுத்தன். ‘வோஹின்’ வரட்டும், கேட்டுக் கிழிச்சுப்போடுறன் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு திருப்பினால் ‘ஞாயிற்றுக்கிழமை’. ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்வீங்கள் எண்டு கேட்டன். பூசைக்குப் போவன், பிறகு நித்திரை எண்டு சேவியர் சொன்னான். இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு இதுவோ எண்டு எனக்குச் சப்பெண்டு போச்சு.

பிறகு சேவியர் தன்ர கார்டைத் திருப்பினான். பார்த்தான். என்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்புச் சிரிச்சான்.

“வோஹின் ஃபாரன் ஸீ?”

என்ர வாழ்க்கையில முதல் தரம் எங்கட ஆக்களில ஒராள் என்னைப் பார்த்து நேராக் கேட்கிறான், எங்க போறீங்கள் எண்டு. நான் எழும்பிப் போகேல்ல. தண்ணி கேட்கேல்ல.

“நாஹ் டொய்ச்லண்ட். ட்சு மைனம் மன்” எண்டன். ஜேர்மனிக்கு. என்ர மனுசனிட்ட.

கொண்டைக்காரி குனிஞ்சு ஏதோ எழுதினா. சிரிக்காத மனுசன்ர வாயோரம் கொஞ்சம் அசைஞ்சுது எண்டு சேவியர் பேந்து சத்தியம் பண்ணினான்.

ரெண்டு பேரும் பாஸ். அவன் அந்தக் கிழமையே மீன்காரனுக்கும் சொல்லிப்போட்டான்.

வான் வந்து நிண்டது

விசா வந்து, டிக்கெற் போட்டு, ஒரு மத்தியானம் ஒழுங்கையில எயார்போட்டுக்குப் போற வான் வந்து நிண்டது. ரெண்டு சூட்கேஸ். அரைவாசி மிளகாய்த்தூளும் கருவாடும், இவருக்குப் பாணில இருந்து விடுதலை. மாமா முன் சீற்றில ஏறி இருந்து, காலி வீதியில டிரஃபிக் எண்டு நிமிசத்துக்கொருக்காச் சொல்லிக்கொண்டிருந்தார். துணிக்கடை நாநா வந்து “போய்ட்டு வாங்க தங்கச்சி” எண்டார்.

அம்மா காலமையில இருந்து ஒரு கேள்வியும் கேட்கேல்ல. அழவுமில்லை. சூட்கேஸுக்குத் திறப்பு எடுத்தியோ, பாஸ்போட் எடுத்தியோ எண்டு கூடக் கேட்கேல்ல. நான் கொஞ்சினன். “போட்டு வாறன் அம்மா” எண்டன். தலையாட்டினா. நான் ஏறி இருந்து கதவைச் சாத்தினன்.

டிரைவர் ஸ்டார்ட் பண்ணினான். அப்பதான் அம்மா வானுக்குக் கிட்ட வந்து, ஜன்னல்ல கையை வைச்சா. முகத்தை நேரா வைச்சுக்கொண்டு, கோட்டைக் கம்பெனியின்ர அதே தேன் குரல்ல கேட்டா.

“வோஹின் ஃபேர்ஸ்ட் டு?”

மாமா திரும்பினார். “அக்கா என்னவாம்?”

“எங்க போறாய் எண்டு கேட்கிறா” எண்டன்.

“ஐயோ!” மாமா தலையில அடிச்சார். “வெளிக்கிடேக்கயோ! அக்கா, உமக்கென்ன விசரோ?”

அம்மா அசையேல்ல. “கேட்டாச்சு. இனி என்ன செய்யிறது? பிள்ளை, இறங்கி வா. பத்து நிமிசம் இருந்து, தண்ணி குடிச்சிட்டுப் போ.”

எனக்குச் சிரிப்பும் வந்துது, கண்ணாலயும் வந்துது. “அம்மா, சகுனத்துக்குத்தான் ஜேர்மன் விளங்காதே.”

“உனக்கு விளங்கினதுதானே. இறங்கு.”

டிரைவர் எஞ்சினை நிப்பாட்டினான். நான் செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போய் அப்பாவின்ர கதிரையில இருந்தன். அம்மா தண்ணி எடுக்கக் குசினிக்குப் போகேல்ல. தண்ணி முதலே வார்த்து, சின்னத் தட்டால மூடி, மேசையில இருந்தது.